பூட்டு விழுவதற்கு முன்

ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதை அடித்து, உறையில் போட்டு, "சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு கண்ணு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது இவளுடைய அண்ணி. கம்பெனியில் பாதி அண்ணியுடையது, மறுபாதி இவளுடையது. யாருடைய தவறால் ரகசியம் வெளியே போகிறதோ அவர் பங்கு மற்றவருக்கு என்று, கம்பெனி தொடங்கிய அன்றே இருவரும் எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதை எழுதிவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததுதான் இவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

இவளுக்கு ஆபீஸில் பெயர் பூட்டுக்காரி. ஊரார் தங்கள் உயில், பத்திரம், கடிதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பெட்டகத்தில் போட்டு வைக்க இந்தக் கம்பெனிக்கு வருவார்கள். அத்தனை பெட்டகத்துக்கும் ஒரே தலைச்சாவி. அதைக் காக்கும் புரோகிராம் இவள் கையால் எழுதியது. போன வாரம் பழைய நடிகை ஒருவரின் உயில் வரிக்கு வரி மாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போதே தன் மூன்று பிள்ளைகளும் அடித்துக்கொள்வதைப் பார்த்த அந்த அம்மாள் போனில் திட்டவில்லை. "உன்னை நம்பினேனே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ம்மா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்றது எதிரே இருந்த மூக்கு.

உண்மையிலேயே முதலில் கண்ணில் படுவது மூக்குதான். ஊரில் அவரை மூக்கர் என்றே அழைத்தார்கள். காணாமல் போன நாய்களையும் மாப்பிள்ளைகளின் கடந்த காலத்தையும் கண்டுபிடிப்பதில் பேர் போன துப்பறிவாளர். அவருக்குப் பின்னாலேயே திரியும் உதவியாளனுக்கு வால் என்று பெயர். முப்பது வயது தாண்டியும் வாய் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிற ஆள்.

"தெரியாதுன்னு சொல்றதுல சாரை அடிச்சுக்க ஆள் இல்ல" என்றான் வால். "போன கேஸ்ல நாயைப் பாத்துட்டே இது என்னதுன்னு கேட்டாரு."

"அது ஆடுடா."

"அதான் சார், தெரியாதுன்னேன்."

பூட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவர்களை ஏன் அண்ணி கூப்பிட்டாள் என்று காலையிலிருந்தே அவளுக்குள் ஒரு நெருடல். கேட்டதற்கு, "பெரிய ஆளுங்களைக் கூப்பிட்டா விஷயம் ஊரெல்லாம் பரவிடும் கண்ணு" என்றாள் அண்ணி. அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

மூவரும் மெஷின் அறையில் இருந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நடுவில் ஆள் உயரத்துக்குப் பெரிய மெஷின். வால் எங்கிருந்தோ மூன்று டீ வாங்கி வந்திருந்தான். உள்ளே டீ கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்ததைச் சாய்ந்து மறைத்துக்கொண்டு நின்றான்.

"சாவி எங்க இருக்கு?" என்றார் மூக்கர்.

"என் தலைக்குள்ள. அப்புறம் இந்த மெஷினோட மெமரிக்குள்ள. வேற எங்கயும் கிடையாது."

"மெமரின்னா?"

"ஒரு மேஜைன்னு வெச்சுக்குங்க. வேலை நடக்கற காகிதமெல்லாம் அதுமேலதான் இருக்கும், பக்கம் பக்கமா. மேஜை நெறஞ்சுட்டா ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன பண்ணும்னா, கொஞ்ச நேரமா யாரும் தொடாத பக்கத்தை டிஸ்க்குல கொண்டு போய்ப் போட்டுடும். டிஸ்க் அலமாரி மாதிரி. மேஜை மேல இருக்கறது கரண்ட் போனா போச்சு. அலமாரிக்குப் போனது அழியாது. யாராவது டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனா நிதானமா படிச்சுக்கலாம்."

"அப்ப சாவி இருக்கற பக்கம் அலமாரிக்குப் போகவே கூடாது."

"போகக் கூடாது. அதனால சிஸ்டத்தைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்தை நகத்தாம பூட்டி வைன்னு சொல்லணும். பூட்டினப்புறம்தான் சாவியை அதுல எழுதணும்."

"கூப்பிட்டா உடனே பூட்டிடுமா?"

அவள் டீக் கோப்பையை விரலால் சுற்றினாள். "பழைய முறையில, பூட்டி முடிக்கற வரைக்கும் நாம அங்கயே நிக்கணும். வேற எதுவும் ஓடாது. புது முறையில நிக்க வேண்டாம். சொன்னதுமே 'கேட்டுக்கொண்டேன்'னு ஒரு பதில் வரும். நாம அடுத்த வேலைக்குப் போயிடலாம். நெஜமாவே பூட்டு விழுந்தப்புறம் 'ஆச்சு'ன்னு தனியா இன்னொரு பதில் வரும்."

"டீக்கடை கணக்குதான்" என்றான் வால். "ரெண்டு டீன்னா 'இதோ'ம்பான். அந்த 'இதோ'வைக் குடிக்க முடியுமா?"

மூக்கர் அவனைத் திட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். "நீங்க எந்தப் பதில் வந்ததும் சாவியை எழுதினீங்க?"

எழுதிய வரியைத் திறந்துகூடப் பார்க்காத மனுஷன் நேராக அங்கே வந்து நிற்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"முதல் பதில் வந்ததும்" என்றாள். "சோதனையில எல்லாம் சரியாத்தான் இருந்துது. ரெண்டு பதிலும் ஒண்ணா வர மாதிரிதான் இருக்கும். ஏன்னா எங்க வழக்கம் அப்படி."

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் கேள்விப்பட்டிருக்க முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையிலும் மெஷினை நிறுத்தி மறுபடி ஓட்டுவார்கள். பூட்டுக்காரி சாவியைப் போடும்போது வேறு எந்த வேலையும் மெஷினில் ஓடக்கூடாது. எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வாசற்படிக்குப் போய் டீ குடிக்க வேண்டும். அதற்கு 'கை எடு நேரம்' என்று பெயர். அந்த நேரத்தில் மேஜை காலியாக இருக்கும், எதையும் அலமாரிக்குத் தூக்க வேண்டிய அவசியமே வராது, பூட்டும் உடனே விழுந்துவிடும். அவள் செய்த தப்பை இரண்டு வருஷமாக அந்த வழக்கம் போர்வை போட்டு மூடி வைத்திருந்தது.

"இந்த இடைவெளி யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

அது பொய். சொல்லும்போதே அவள் கை மேஜைமேல் இருந்த உறையைத் தொட்டது.

தெரிந்த இன்னொருத்தி அண்ணி. போன மாதம் ஒருநாள் சமையலறையில், "அண்ணி, ஒரு கண்ணிமைக்கற நேரம் சாவி பூட்டில்லாம கெடக்குது, சரி பண்ணணும்" என்று இவள்தான் சொன்னாள். "இப்பத்தான் புதுசா ஆளுங்க சேர்றாங்க, இந்த நேரத்துல கை வெக்காதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அண்ணி. இதைச் சொன்னால் அண்ணியும் சேர்ந்து மாட்டுவாள். அம்மா போன பிறகு, அண்ணன் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்ற, இவளுக்குத் தலை வாரிவிட்டதும் காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் அண்ணிதான். யாருக்குக் கெடுதல் செய்தாலும் அண்ணிக்குச் செய்ய மாட்டேன் என்று அவள் என்றைக்கோ முடிவு செய்திருந்தாள். தப்பு தன்னுடையது, தண்டனையும் தன்னோடு போகட்டும் என்றிருந்தாள்.

மூக்கர் மேலே தோண்டவில்லை. "உயில் வெளிய வர்றதுக்கு முன்னாடி கடைசியா சாவி போட்டீங்களே, அந்தத் திங்கட்கிழமை ஏதாவது வித்தியாசமா இருந்துதா?"

"ஃபேன் இரைஞ்சுது. மெஷின் சூடானா அப்படி இரையும். ஏசிதான் சரியில்லன்னு நெனச்சேன்."

"எதுக்கும்மா சூடாகும்?"

"பெரிய வேலை ஏதாவது ஓடினா."

"கை எடு நேரத்துலயா?"

இதை அவளே யோசித்திருக்க வேண்டும். பழி விழுந்த அன்றிலிருந்து தன் தப்பைத் தவிர வேறெதையும் அவள் யோசிக்கவில்லை.

"நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் சார்" என்றான் வால். "அன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்லாம படியிலதான் நின்னிருக்காங்க. இவங்க அண்ணியும்தான். பிஸ்கட் குடுத்ததே அவங்கதானாம்."

"அப்ப யாரோ வேலையைக் கொடுத்துட்டுப் போய் டீ குடிச்சிருக்காங்க" என்று எழுந்தார் மூக்கர். "அடுப்பு எரிஞ்சிருக்கு. சோறு எங்க? ஏம்மா, டீ குடிச்சுட்டு எல்லாரும் உள்ள வந்ததும் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. படம் பாத்தோம்."

மூக்கரின் மூக்கு மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

ஹாலில் பெரிய திரை இருந்தது. கம்பெனிக்குப் பத்து வயது ஆனதற்காக அண்ணி யாருக்கும் தெரியாமல் ஒரு படம் தயாரித்து வைத்திருந்தாள். பழைய வாடகை அறை, முதல் மெஷின், மேஜைக்கடியில் தூங்கிய பூட்டுக்காரி என்று எல்லாம் வரும். அன்றைக்கு அதைப் பார்த்து அவள் குலுங்கிக் குலுங்கி அழுதிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வால் படத்தைப் போட்டான். மூக்கர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார். கடைசியில் பூட்டுக்காரி தாழ்வாரத்தில் நடந்து மெஷின் அறைக் கதவருகே போய், திரும்பி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுச் சிரிக்கிறாள். அண்ணியின் குரல் வருகிறது: "இவ என் நாத்தனார் இல்ல. நான் பெறாத பொண்ணு. இவ பூட்டினா பூட்டினதுதான்."

"நிறுத்துடா" என்றார் மூக்கர். "ம்மா, இந்தக் கண்ணாடி புதுசா?"

"ஆமா."

"எப்ப போட ஆரம்பிச்சீங்க?"

"அன்னிக்குத்தான்... திங்கட்கிழமைதான் முதமுதலா போட்டுட்டு வந்தேன். அண்ணி வாங்கிக் குடுத்தாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"அன்னிக்குக் காலையில எடுத்த காட்சி படத்தோட கடைசியில இருக்கு" என்றார் மூக்கர். "டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள படம் ரெடி. எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். இவ்வளவு நீளப் படத்தைக் கோத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்க மேஜையில இருக்கற மெஷின்ல ஓட்டினா மத்தியானம் ஆயிடும்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பெரிய மெஷின்ல ஓட்டினா சீக்கிரம் முடியும். ஆனா மெமரி மொத்தத்தையும் அது எடுத்துக்கும்."

மேஜை நிறைந்திருக்கிறது. 'கேட்டுக்கொண்டேன்' வந்திருக்கிறது. பூட்டு விழ நேரமாகியிருக்கிறது. அவள் முதல் பதிலை நம்பிச் சாவியை எழுதியிருக்கிறாள். பூட்டு வந்து விழுவதற்குள் அந்தப் பக்கம் அலமாரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. திரும்பி வந்ததைப் பத்திரமாகப் பூட்டியாகிவிட்டது. ஆனால் அலமாரியில் அதன் நகல் தங்கிவிட்டது.

"தெரியாம ஓட்டியிருப்பாங்க" என்றாள் அவசரமாக. "அண்ணிக்கு மெஷின் விஷயமெல்லாம் தெரியாது. எங்களை சந்தோஷப்படுத்தணும்னு..."

"இருக்கலாம்மா. நானும் அப்படித்தான் இருக்கணும்னு ஆசைப்படறேன். மறுநாள் டிஸ்க் ஏதாவது மாத்தினீங்களா?"

டிஸ்க்கில் சத்தம் வருகிறது, மாற்றிவிடு என்று செவ்வாய்க்கிழமை அண்ணி சொன்னதும், பழையதை அண்ணியே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டதும் அவள் கண்முன்னே வந்தன.

"பழைய சாமான் எடுக்கறவர்கிட்டயும் விசாரிச்சேன்" என்றான் வால், தணிந்த குரலில். "இங்கிருந்து வேண்டாதது எல்லாம் அவர்கிட்டதான் போகுமாம். டிஸ்க் எதுவும் வரலையாம்."

"இந்தக் கம்பெனியை யாராவது விலைக்குக் கேட்டாங்களா?"

"ஒரு பெரிய கம்பெனி கேட்டுது. எல்லாப் பெட்டகத்துக்கும் அவங்க கையில ஒரு மாத்துச்சாவி வேணும்னாங்க. அண்ணிக்கு சம்மதம். நான்தான் முடியவே முடியாதுன்னுட்டேன்."

மூக்கர் தலையை ஆட்டினார். "ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதை அவங்ககிட்டயே கேட்டுடலாம். நீங்க பேசாம நில்லுங்க."

அண்ணியின் அறையில் பூங்கொத்து, அண்ணன் படம், பூட்டுக்காரி பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம். அண்ணி எழுந்து வந்து இவள் தோளில் கை வைத்தாள். "முகமெல்லாம் வாடிப் போச்சே. சாப்பிட்டியா?"

"இவங்க கையாலதான் தப்பு நடந்திருக்கும்மா" என்று அசட்டுத்தனமாகத் தொடங்கினார் மூக்கர். "ஏதோ பூட்டு, ஏதோ இடைவெளின்னாங்க. எனக்குப் பாதி புரியல."

அண்ணி பெருமூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும் சார். வேணும்னு பண்ற பொண்ணு இல்ல இவ. விலகிட்டா போலீஸ் அது இதுன்னு போகாம நான் பாத்துக்குவேன்."

"ரிப்போர்ட்டுல எழுதணும், அதான் கேக்கறேன். இந்த இடைவெளி பத்தி உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

ஆமாம்னு சொல்லுங்க அண்ணி என்று மனசுக்குள் கெஞ்சினாள் பூட்டுக்காரி. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். படம், டிஸ்க், கைப்பை எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடலாம். கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிடலாம்.

அண்ணி அவள் கண்ணையே பார்த்தாள். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"இல்லையே" என்றாள். "சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டு சரி பண்ண வெச்சிருப்பேனே."

"நீங்க வெங்காயம் நறுக்கிட்டிருந்தீங்க அண்ணி" என்றாள் பூட்டுக்காரி.

"என்ன கண்ணு?"

"நான் சொன்னப்ப வெங்காயம் நறுக்கிட்டிருந்தீங்க. பாதியில கத்தியைக் கீழ வெச்சுட்டு, 'கண்ணிமைக்கற நேரம்னா எவ்வளவு? அதை அதிகப்படுத்த முடியுமா?'ன்னு கேட்டீங்க. ரெண்டு தடவை கேட்டீங்க. மெஷின்ல வேலை அதிகமா இருந்தா அதிகமாகும்னு நான்தான் சொன்னேன்." அவளுக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? என் வேலையைப் பத்தி நம்ம வீட்ல யாரும் அவ்வளவு கேட்டதே இல்ல."

அண்ணியின் கை தோளிலிருந்து நழுவியது.

"என்னை ஏன் கூப்பிட்டீங்கன்னு இப்ப புரியுது" என்றார் மூக்கர். அவர் குரலிலும் ஒரு கசப்பு இருந்தது. "நாய் தேடறவனுக்கு மெஷின் எங்க புரியப் போகுது, காட்டின ஆளையே குற்றவாளின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவான்னு நெனச்சீங்க. உங்க காரியம் முடிய எனக்கு மரியாதை குடுத்தீங்க பாருங்க, அதை நான் உண்மைன்னு நம்பிட்டேன்."

"நாய் கேஸே தேவலை சார்" என்றான் வால். "அது சோறு போட்ட வீட்டைக் காட்டிக் குடுக்காது."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பூட்டுக்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ ஒத்துக்கிட்டிருந்தா இது எதுவும் வேண்டியிருந்திருக்காது" என்றாள். "எத்தனை தடவை கெஞ்சினேன்? பிடிச்சா பிடிச்சதுதான் உனக்கு. உன்னை ஜெயிலுக்கு அனுப்பணும்னு நான் நெனைக்கல. விலகிப் போனா போதும்னுதான் நெனச்சேன். சாவி வெளிய போச்சுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்தேன், அந்த அம்மாவோட உயிலே பத்திரிகையில வரும்னு நான் எதிர்பார்க்கல, டிஸ்க்கை வாங்கிட்டுப் போன அந்தக் கம்பெனிக்காரங்க அப்படிப் பண்ணிட்டாங்க." சட்டென்று நிமிர்ந்தாள். "ஆனா படம் பொய் இல்ல கண்ணு. அதுல நான் சொன்னதெல்லாம் நெஜம்."

அதைக் கேட்டபோதுதான் பூட்டுக்காரிக்கு நெஞ்சு வெடித்தது. பொய் என்று சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். தன் மேல் வைத்த பாசத்தையே சரக்காக ஏற்றி மெஷினை மூச்சுத் திணறடித்திருக்கிறாள், அதைப் பார்த்துத் தான் நன்றியில் அழுதிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை.

கையோடு கொண்டு வந்திருந்த உறையைக் கையெழுத்தில்லாமல் அண்ணியின் மேஜைமேல் வைத்தாள்.

"போலீஸுக்கு நான் சொல்லிடறேன்மா" என்றார் மூக்கர். "உங்க அண்ணனுக்கு?"

"நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி சாவியை மாத்தணும். பழைய சாவி இன்னும் எத்தனை பேர் கையில இருக்கோ. அந்த நடிகையம்மாவையும் நேர்ல போய்ப் பாக்கணும்."

மெஷின் அறைக்கு வந்து கதவை உள்ளிருந்து தாழ் போட்டாள். ஆறிப்போன டீ மூன்றும் அங்கேயே இருந்தன. புரோகிராமைத் திறந்து, இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய வரியை எழுதினாள்: இரண்டாவது பதில் வரும்வரை எதுவும் செய்யாதே. பழைய சாவியைச் செல்லாததாக்கினாள். புதுச் சாவி மனசில் தயாராக இருந்தது.

சிஸ்டத்தைக் கூப்பிட்டாள். 'கேட்டுக்கொண்டேன்' என்று வந்தது. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. விரல் முட்டி மெதுவாகத் தட்டியது. சின்ன வயதில் இவள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும்போதெல்லாம் தட்டுமே, அதே தட்டல்.

"கண்ணு, கதவைத் திற. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு."

திரையில் 'ஆச்சு' என்று வந்தது. பூட்டுக்காரி சாவியை எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக, தப்பில்லாமல் எழுதி முடித்தாள்.

"கண்ணு, கேக்குதா? கதவைத் திறம்மா."

"கேட்டுக்கிட்டேன் அண்ணி" என்றாள், எழுந்திருக்காமல்.